பஞ்சராகாத டயர்

அந்த டயர் பஞ்சராகவில்லை. முன்னதும் ஆகவில்லை, பின்னதும் ஆகவில்லை. சைக்கிளைக் கர்ஜத்திலிருந்து ரயிலின் லக்கேஜ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, செம்பூரில் எங்கள் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. நான் எப்படிக் கேட்டு வாங்கினேனோ அப்படியே இருந்தன.

என் மகள் அப்போது மாட்டுங்காவில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். செம்பூரிலிருந்து தினமும் சைக்கிளில்தான் போய்வருவாள். கல்லூரியில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். பம்பாயில் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது டிசம்பரும் ஜனவரியும்தான். மழை ஓய்ந்து, சேறு காய்ந்து, வெயில் இன்னும் ஏறாத அந்த இரண்டு மாதத்தில் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போவார்கள். தார் ரோட்டில் அல்ல. மாட்டுவண்டித் தடத்திலும் ஒற்றையடிப் பாதையிலும் ஏறி இறங்கி, சாயங்காலம் திரும்பி வருவார்கள். அந்த வருடம் அவளும் போக வேண்டும் என்றாள்.

என் கணவர் வடாலாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே கேட்டார்.

"பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்னட்டி சோலி?"

"மூணு கேர்ள்ஸ் வராங்கப்பா. எங்க சாரும் வராரு."

"சாரு வந்தா? உன்னைத் தூக்கிச் சுமந்துகிட்டா ஏறப் போறாரு?"

"சைக்கிள்லதான் ஏறப்போறேன், சார் மேல இல்ல."

இந்தப் பதிலுக்காக அன்று அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனால் நான் விடவில்லை. நான் ஆசிரியை. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். பெண்பிள்ளைகளை ஏழாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள். என் வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? மூன்று நாள் பேசினேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரி, போகட்டும். ஆனா ஒண்ணு. சைக்கிள்ல எதாவது கோளாறுன்னு வந்துது, உங்கிட்டதான் கேப்பேன்."

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் என் பொறுப்பு.

குழுவிலிருந்து ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பட்டியல். தண்ணீர், தொப்பி, குளுக்கோஸ். டயரைப் பற்றி மட்டும் நாலு வரி. வழுக்கையான டயர் கூடாது, அகலமான பட்டன் டயர் நல்லது, பாதை தொடங்கும் இடத்தில் எல்லாரும் பிடிமானத்துக்காகக் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பட்டன் டயர் என்றால் மேலெல்லாம் குமிழ் குமிழாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்குமே, அது. மண்ணைக் கவ்வும். அவள் சைக்கிளில் இருந்த டயர்கள் இரண்டு மழைக்காலம் பார்த்துத் தேய்ந்து போனவை. மாற்றத்தான் வேண்டும்.

நான் அந்த நாலு வரியைப் படித்தேன். படிக்கத் தெரிந்தவள் படித்த மாதிரிதான் படித்தேன். ஆனால் என் மனதில் ஓடியது வேறு.

அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு நாள், வடாலாவில் உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் அவள் சைக்கிள் பஞ்சரானது. அங்கே கடை கிடையாது, ஆள் நடமாட்டமும் குறைவு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு மைல் நடந்திருக்கிறாள். அவ்வளவு தூரமும் ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். தொடவில்லை. பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லாதே, சைக்கிளைப் பிடுங்கிவிடுவார் என்றாள். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். பஞ்சர். அவள் வரப் பத்து நிமிடம் தாமதமானால் பால்கனியில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது மலை, காடு, ஆளில்லாத தடம். மற்றவர்கள் முன்னால் போய்விட, இவள் மட்டும் காற்று இறங்கிய சைக்கிளோடு பின்தங்கி நிற்பது மாதிரி ஒரு காட்சி. அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. விழுவாள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

முதலில் தாதரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடைக்காரர், ஒரு மராட்டிக்காரர், பட்டன் டயரை எடுத்துக் காட்டினார். புது ரப்பர் வாசனை. விரலால் அழுத்தினேன், குமிழ் வளைந்துகொடுத்தது. மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த மென்மையே பிடிக்கவில்லை. முள் குத்தினால் உள்ளே இறங்காதா என்று கேட்டேன். முள்ளென்றால் எதில்தான் இறங்காது அம்மா என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும், நான் வெளியே வந்துவிட்டேன்.

"அம்மா, இதுதான் சீட்டுல எழுதியிருக்கு. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"எல்லாரும் கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா?"

வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். யோசிக்காமலே வந்துவிடும்.

எனக்கு வேறு ஒரு டயர் நினைவில் இருந்தது. தினமும் காலையில் தாராவியிலிருந்து இட்லிக்காரர்கள் சைக்கிளில் கிளம்புவார்கள். பின்னால் பெரிய அலுமினிய அடுக்கு, இரண்டு பக்கமும் சாம்பார், சட்னித் தூக்குகள், ஹாண்டிலில் ஊதுகிற ஹாரன். மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று பம்பாயின் பாதித் தெருக்களை அந்தச் சைக்கிள்கள் அளக்கும். அவர்களில் ஒருவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவரைப் பள்ளி வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"ரெண்டு வருசமாச்சு டீச்சர், ஒரு பஞ்சர் கெடையாது. இது லோடு டயரு. ஆணி மேல ஏத்துனாலும் ஆணிதான் வளையும்."

போதாதா? ஒரு ஆசிரியை நாலு பேரைக் கேட்டு, நேரில் பார்த்து, சோதித்து முடிவு செய்திருக்கிறாள்.

தாராவியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். நான் கடைக்குள் நுழைந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவரை வெளியே போகச் சொன்னார். டீச்சர் வந்தால் அப்படித்தான்.

"லோடு டயர் வேணும் பாய். இருபத்தாறு இன்ச், லேடீஸ் சைக்கிளுக்கு."

"லோடு டயரா? பாப்பா சைக்கிளுக்கா?"

வாசலில் நின்ற பீடிக்காரர் விடவில்லை. "ஏன் டீச்சர், மக இட்லி யாவாரம் ஆரம்பிக்கப் போவுதா?"

"வாய மூடுங்கண்ணே," என்றார் பாய். பிறகு என் மகளைப் பார்த்து, "எங்க போறிய பாப்பா?" என்று கேட்டார்.

"கர்ஜத். மலையில டிராக் இருக்கு. எனக்கு லோடுவாலா வேணாம் பாய், பட்டன் டயர் இருக்கா?"

பாய் தலையைச் சொறிந்தார். அந்த நிமிடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், மலைச் சரிவுன்னு சொன்னா இது கொஞ்சம்..."

"பாய், பஞ்சர் ஆகுமா ஆகாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பஞ்சர் ஆகாது டீச்சர்."

"அப்ப அதையே போடுங்க."

அந்த அளவில் லோடு டயர் அபூர்வம். பாய் பரணில் ஏறித் தேடி எடுத்துவந்தார். கனமான ரப்பர். நடுவில் நீளவாக்கில் மூன்று கோடு, மற்றபடி வழவழப்பு. மாட்டி முடித்ததும் பம்பை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று அழுத்திப் பார்த்துப் பார்த்து இன்னும், இன்னும் என்றேன். விரல் இறங்காமல் போகும் வரைக்கும் அடிக்கவைத்தேன்.

"அம்மா, அங்க போய் காத்தைக் குறைக்கணும். சீட்டுல இருக்கு."

"காத்துக் குறைஞ்சா டயர் மடங்கி டியூப் கிழியும். யார்கிட்ட கதை விடுறே?"

"உனக்கு ஒண்ணும் சமஜ் ஆகல, புரியவே இல்ல."

கிளம்புகிற அன்று விடிகாலையில் அவளை வாசலில் நிறுத்தினேன். காற்றைக் குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்றேன். அவள் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். சத்தியம், சகுனம், திருஷ்டி எல்லாம் மூடத்தனம் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்தான் இதைச் செய்தது. அம்மா தலையில் கை வைத்துச் சொன்னதைப் பிள்ளை மீறினால் அம்மாவுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்ததிலிருந்து தெரியும். அவளுக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

"சரிம்மா, குறைக்கல. விடு."

கீழே உள்ள கடைக்குத்தான் எங்கள் கட்டடத்துக்கெல்லாம் போன் வரும். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் தொடங்குகிற நேரத்தில் கடைக்காரர் மேலே ஓடிவந்தார். நான் இறங்கிப் போவதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப அழைப்பு வரும் வரை அந்தக் கடையில், சோப்புப் பெட்டிகளுக்கு நடுவில், ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணி அடித்தது. அவர்களுடைய சார்தான். பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தார். கை என்றார். பக்கத்து ஊர் டாக்டர் கட்டுப்போட்டிருக்கிறார், குர்லாவுக்குக் கூட்டிவருகிறோம், ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் என்றார். இப்போதும் எங்கேயாவது அந்த மாதிரி மணி அடித்தால் செய்கிற வேலையை விட்டுவிடுகிறேன். வகுப்பில் என்றால் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

குர்லாவில் அவளை இறக்கியபோது இடது கை மரத்துண்டில் கட்டியிருந்தது. தாடையில் பஞ்சு. பாவாடை மாதிரி ஒரு சால்வையைச் சுற்றியிருந்தார்கள், உள்ளே பேண்ட் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து அவள் அழவில்லை. அவள் அப்பாவைப் பார்த்ததும்தான் அழுதாள்.

என்ன நடந்தது என்று அவளுடன் போன ஒரு பெண் என்னிடம் சொன்னாள். மராட்டிப் பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் சொன்னாள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் எல்லாரும் நின்று காற்றைக் குறைத்தார்களாம். சார் இவளுடைய டயரைப் பார்த்துவிட்டு, இது சாலைக்குத்தான் ஆகும், காற்றையாவது பாதிக்கு இறக்கு என்றாராம். இவள் முடியாது என்றுவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தாலும் சார் விடாமல் சொன்னாராம். இவள் கேட்கவில்லை. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, காய்ந்த புல்லும் உதிரிச் சரளையுமாக ஒரு திருப்பம். முன்னால் போன ஆறு பேரும் அதில் திரும்பி இறங்கிவிட்டார்கள். இவள் சைக்கிள் கண்ணாடி மேல் போன மாதிரி பக்கவாட்டில் வழுக்கியது. பாறையில் முழங்கை.

"அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும் ஆண்ட்டி," என்றாள் அந்தப் பெண். "எங்களில் அவள்தான் நன்றாக ஓட்டுவாள்."

ஆபரேஷன் முடிந்தபின் வார்டுக்குள் நான் போனபோது என் கணவர் அவள் கட்டில் அருகில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னட்டி ஆச்சு? சைக்கிள்ல என்ன கோளாறு?"

அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அவருக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நான் கதவருகிலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மயக்க மருந்து இன்னும் முழுதாகத் தெளியவில்லை, உதடு வறண்டிருந்தது.

"சைக்கிள் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நான்தான் பிரேக்க தப்பா புடிச்சிட்டேன். எனக்கு அந்த மாதிரி ரோட்ல ஓட்டத் தெரியல."

பதினெட்டு வயதுப் பெண், முழங்கையில் தகடு வைத்துத் தைத்த கையோடு, எனக்காகப் பொய் சொன்னாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். அருகில் போய்த் தலையைத் தடவிக்கொடுத்தேன். பேசாமல் இரு, களைப்பாகும் என்றுகூடச் சொன்னேன்.

பாய் ஒரு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். படியேறும்போது சைக்கிளைப் பார்த்திருக்கிறார்.

"டயருக்கு ஒண்ணும் ஆவல டீச்சர், அப்படியே இருக்கு," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அவரை வழியனுப்பப் போகிற சாக்கில் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். "அது சரிவுல நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே பாய்? அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சொல்ல வந்தேனே டீச்சர். நீங்கதான் அத மட்டும் சொல்லுங்கன்னிய. எம் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவிய நீங்க. உங்க வாயில குறுக்க நான் பேசுறதா?"

கோபப்பட எனக்கு வாய்ப்பே வைக்காமல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். என் வகுப்பில் குறுக்கே பேசுகிற பிள்ளையை நான் பெஞ்சு மேல் ஏற்றுவேன். அவருடைய மூத்தவனையும் ஏற்றியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை முழுவதாக நீளவில்லை. இன்னும் நீளவில்லை. சோற்றுத் தட்டை எடுக்கும்போதும் தலை பின்னும்போதும் முழங்கை ஓரிடத்தில் நின்றுவிடும். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தாடைத் தழும்பு பவுடர் போட்டால் தெரியாது, கைதான், பெண் பார்க்க வரும்போது நீளக் கை ஜாக்கெட் போட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னார்கள். அவர்கள் போனதும் அவள் தானே அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆனால் பெரிய இழப்பு அந்தக் கை இல்லை.

அடுத்த டிசம்பர் வந்தது. டாக்டர், சைக்கிள் ஓட்டலாம், ஓட்டினால் நல்லதுதான் என்று சொல்லியிருந்தார். குழு மறுபடியும் கிளம்பியது. அந்த மராட்டிப் பெண் பட்டன் டயர் போட்ட தன் அண்ணனுடைய பழைய சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். என் மகள் இரண்டு வாரம் யோசித்து, ஒரு நாள் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அப்பா, நான் இந்த வருஷம் போகட்டுமா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். மிக மெதுவாக, அன்பாகவே சொன்னார்.

"வேண்டாம்மா. நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. உனக்கு அந்த ரோட்ல ஓட்டத் தெரியலன்னு நீயேதான சொன்ன? தெரியாத காரியத்துக்கு எதுக்குப் போகணும்? காலேஜுக்கும் இனி பஸ்ல போ."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. நான் பேசுவேனா என்று பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு ஓட்டத் தெரியும், நான்தான் தவறான டயரைப் போட்டேன், நான்தான் காற்றைக் குறைக்கவிடவில்லை. ஊரார் வீட்டுத் திண்ணையெல்லாம் ஏறிப் பெண்பிள்ளைகளுக்காகப் பேசிய வாய். ரசம் வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. மலைக்குப் போக மட்டுமல்ல, எதற்குமே கேட்பதில்லை. போய் வா என்றால் போகிறாள், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறாள். எல்லாரும் அவள் பொறுப்பாகிவிட்டாள் என்கிறார்கள்.

அவளைத் தாதரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கவைத்தோம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இரண்டு பத்திக்குமேல் பொறுமை இருக்காது. ஆகவே நான் எழுதியிருக்கும் இதை அவள் படிக்கப்போவதில்லை. அவளிடம் நான் சொல்ல வேண்டியதும் எதுவும் இல்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். என் கணவர் தமிழில் அச்சாகிற எதையும் விடமாட்டார், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பவர். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். இந்த டிசம்பருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.